பூசணிக்காய் இடப்பக்கம்தான் இருந்தது

மயிலாப்பூரில் தற்காப்பு வாகனமோட்டிகள் பேரவை என்று ஒன்று இருக்கிறது. லஸ் கார்னரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் வளைவில், மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய பங்களா. சாலையில் போகிற யாரும் யாரையும் இடிக்காமல் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் லட்சியம். நல்ல லட்சியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நல்ல லட்சியம் ஒரு கமிட்டியின் கையில் மாட்டினால் என்ன பாடு படும் என்பதை, அங்கே டிரைவராக இருந்த பஞ்சாட்சரத்தைக் கேட்டால் சொல்லுவார்.

பேரவையின் வேதவாக்கு ஒன்றே ஒன்று: எதிரே வருகிறவன் தப்பு செய்வான் என்று நினைத்தே வண்டி ஓட்டு. பின்னால் வருகிறவனும் செய்வான். பக்கத்தில் வருகிறவனும் செய்வான். முன்னால் போகிறவன் செய்துகொண்டே இருக்கிறான். தப்பே செய்யாத ஜீவன் சென்னையில் பேரவை உறுப்பினர் மட்டும்தான். இதைத் தலைவர் வேம்பு சார் சனிக்கிழமைதோறும் மைக் பிடித்து விளக்குவார். பெரிய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டது கிடையாது, எப்போதும் பின்சீட்டு. அதனால் அவர் பேரில் இன்றுவரை ஒரு விபத்தும் இல்லை. அந்தத் தகுதியில்தான் தலைவர் ஆனார்.

பஞ்சாட்சரம் வண்டியை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் வண்டியைச் சுற்றி வர வேண்டும். டயரைத் தட்ட வேண்டும். குனிந்து அடியில் நாய் படுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடி கண்ணாடியாகப் பார்த்து, "பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செயலாளர் சித்தார்த்தன் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். அடையாறிலிருந்து வருகிற கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் அவர். சத்தம் போதவில்லை என்றால் மறுபடி இறங்கி, மறுபடி நாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரோட்டுக்கு வந்தாலும் நிம்மதி கிடையாது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட வேண்டும். விட்டால் அதில் ஒரு ஆட்டோ நுழையும். அந்த ஆட்டோவுக்கும் இடைவெளி விட்டால் பைக்குகள் நுழையும். மந்தைவெளிக்குக் கிளம்பிய ஒருநாள், இப்படியே விட்டுக்கொண்டிருந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவோமோ என்று பஞ்சாட்சரத்துக்குப் பயமே வந்துவிட்டது.

"இன்னா சார் இது, கேப்பு வுட வுட நாம பின்னாடியே போய்க்கினு கீறோம்?"

"அதுதான் டிஃபென்சிவ், பஞ்சாட்சரம்" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த சித்தார்த்தன். "போய்ச் சேர்றதா முக்கியம்?"

இந்த ஆயுத பூஜைக்குப் பேரவைக்குப் புதுப் பயிற்சிக் கார் வந்தது. வெள்ளை வெளேரென்று, பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் வைத்து. பூஜை போடாமல் எடுக்க முடியுமா? சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் என்று அமர்க்களப்படுத்திவிட்டார்கள். திருஷ்டி கழிக்க, ஒரு கைக்குழந்தை கனத்துக்குப் பூசணிக்காய். எல்லாம் சரி. ஆனால் கேட்டுக்கு மேலே, பேரவையே கட்டிய பேனர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. 'சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்! பிறர் உயிருக்கு உலை வைக்காதீர்!' பக்கத்தில் கைகூப்பியபடி வேம்பு சார்.

பஞ்சாட்சரம் பேனரைப் பார்த்தார். தன் கையிலிருந்த பூசணிக்காயைப் பார்த்தார்.

"சார், உள்ளாறயே ஒடச்சிடட்டா?"

"புது டைல்ஸ், பஞ்சாட்சரம். குங்குமக் கறை போகவே போகாது" என்று சித்தார்த்தன் பதறினார்.

"பேனர்ல வேற மாரி போட்டுகீதே..."

"அது பொதுமக்களுக்குடா" என்றார் வேம்பு சார். "நாம விஷயம் தெரிஞ்சவா. ஒண்ணும் தெரியாதவன் உடைக்கறதுக்கும், ஆபத்து தெரிஞ்சிண்டு உடைக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கோல்லியோ? ரோட்டுலயே போடு. திருஷ்டி நம்மாத்துக்குள்ள வரப்படாது."

பஞ்சாட்சரம் தெரு வளைவுக்குப் போய், இடப்பக்கமாக நின்று, தலைக்கு மேல் தூக்கிப் போட்டு உடைத்தார். சிவப்பும் வெள்ளையுமாகச் சதை சிதறியது. எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். உடனே கூட்டி ஓரம்கட்ட வேண்டும் என்று பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். துடைப்பம் வாட்ச்மேன் அறைக் கதவுக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். அதற்குள் உள்ளேயிருந்து, "பஞ்சாட்சரம், கேசரி ஆறிண்டிருக்கு!" என்று குரல் வந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டு வந்து கூட்டலாம் என்று போனார். ஒரு வாய் தின்றார். பாழாய்ப்போன நெய் மணம் ஆளை விடவில்லை. இன்னொரு தொன்னை வாங்கினார்.

அந்த இரண்டாவது தொன்னையைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பாதி தின்றுகொண்டிருக்கும்போது வெளியே சரேலென்று ஒரு சத்தமும், தார் ரோட்டில் இரும்பு இழுபடும் சத்தமும், ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன.

விழுந்தவள் பெயர் உம்மே ஹானி. ராயப்பேட்டையில் வீட்டிலேயே நான்கு பெண்களை உட்கார வைத்து, கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்து, தி. நகர்க் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். ஸ்கூட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், பட்டு ஜாக்கெட்டுகள் அத்தனையும் பூசணிக்காய்ச் சேற்றில்.

பேரவை மொத்தமும் தொன்னையும் கையுமாக வெளியே ஓடி வந்தது. "யாரும் வண்டிய நகர்த்தாதீங்க! கேஸ் ஸ்டடிக்கு வேணும்!" என்று சித்தார்த்தன் போனில் படம் எடுக்க ஆரம்பித்தார். வேம்பு சார் படியிலேயே நின்றுகொண்டு, "ஹெல்மெட் போட்டிண்டிருக்காளா பாருங்கோ" என்றார். போட்டிருந்தாள். அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

பஞ்சாட்சரம் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. "சார், புதுக் கார்ல இட்டுக்கினு போயிடறேன் சார்!"

"முதல் ஓட்டமே ஆஸ்பத்திரிக்கா?" என்று வேம்பு சார் காதைப் பொத்திக்கொண்டார். "பிள்ளையார் கோவிலுக்குப் போகாம இந்த வண்டி எங்கேயும் போகப்படாது. ஆட்டோ பிடி."

ஆட்டோவில் அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எவன் அண்ணே அது, வளைவுல போய் ஒடச்சி வெச்சவன்? அவன் கையி வெளங்குமா?"

பஞ்சாட்சரம் தன் கைகளை முட்டிக்கு நடுவே ஒளித்துக்கொண்டார். "தெர்லமா. பூஜை நாளு. அல்லாரும் ஒடைக்கிறாங்க."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிக்கும்வரை கூடவே நின்றார். மருந்து வாங்கிக் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு சும்மா நிற்குமா? கிளம்பும்போது அவள் கண் கலங்கிவிட்டாள். "கூடப் பொறந்தவன்கூட இவ்ளோ நேரம் நிக்க மாட்டான் அண்ணே. அல்லா உங்கள நல்லா வெக்கணும்." பஞ்சாட்சரம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு அவள் பேரவைக்கே வந்து நின்றாள். தி. நகர்க் கடைக்கார அம்மா கயல், ஜாக்கெட்டெல்லாம் பாழானதில் கொதித்துப்போயிருக்கிறாளாம். "நீ ஒழுங்கா ஓட்டுனியோ, போன் பேசிக்கிட்டு ஓட்டுனியோ, நான் கண்டேனா? அந்தத் தெருவுலயே ரோடு சேஃப்டிக்காரங்க ஆபீஸ் இருக்கு. உன் மேல தப்பில்லன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், துணி தரேன். இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றாளாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தாள். அது கிடைக்காவிட்டால் அவள் வீட்டிலும் அந்த நான்கு பெண்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஒரு வார்த்தையை ஒரு கமிட்டி சும்மா சொல்லிவிடுமா? ஆய்வுக் கூட்டம் போட்டார்கள். சுவரில் படம் காட்டி சித்தார்த்தன் விளக்கினார். பஞ்சாட்சரம் டீத் தட்டோடு ஓரமாக நின்றார்.

"முதல் விஷயம், சம்பவத்தின்போது பூசணிக்காய் அசையவே இல்லை. அசைஞ்சது ஸ்கூட்டி. அப்புறம், பூசணிக்காய் இடப்பக்கம்தான் இருந்தது, விதிப்படி. சிதறின நிலையிலும் அது எல்லை தாண்டி வலப்பக்கம் போகலை. எல்லாத்துக்கும் மேல, அது சிவப்பா இருந்தது. சிவப்புன்னா நில்லுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

வேம்பு சார் எழுந்தார். மைக்கைத் தட்டினார். "பூசணிக்காய் பேர்ல ஒரு குத்தமும் சொல்ல முடியலை. நம்ம நகரத்துல இத்தனை ஒழுங்கா நடந்துண்டது வேற எதுவும் இருக்கான்னே எனக்குச் சந்தேகம். இந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கா? எதிர்க்க வர வண்டிக்காரன் தப்பு பண்ணுவான்னு நெனச்சிருக்கா. சந்தோஷம். ஆனா சாலைப் பாதுகாப்புப் பேரவை வாசல்ல ஆபத்து இருக்காதுன்னு நம்பிட்டா. அங்கதான் கோட்டை விட்டுட்டா! நாங்க தப்பு பண்ணுவோம்னு நீ எதிர்பார்த்திருக்கணும்மா. அதைச் சொல்லிக்குடுக்கத்தானே நாங்க இருக்கோம்!"

பலத்த கைதட்டல்.

உம்மே ஹானி எழுந்தாள். "சார், பூசணிக்காய ஒடச்சது யாரு?"

"மேடம், யாருங்கறது நம்ம டாபிக் இல்ல" என்றார் சித்தார்த்தன். "டிஃபென்சிவ் டிரைவிங்ல நாங்க யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம். அது நெகட்டிவ்."

"என்னை மட்டும் சொல்றீங்களே?"

"அது ஃபீட்பேக்."

பஞ்சாட்சரம் டீத் தட்டோடு ஓரடி முன்னால் வந்தார். வேம்பு சார் பஞ்சாட்சரத்தை ஒரு பார்வை பார்த்தார். "டீ ஆறிடப்போறது, குடு." பஞ்சாட்சரம் கொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். "நீங்களாவது கீறீங்களே அண்ணே" என்பதுபோல அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடைசியில் கமிட்டி பெருந்தன்மையோடு ஒரு முடிவு செய்தது. அவள் பேரவையின் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். முடித்தால் 'திருந்திய ஓட்டுநர்' என்று சான்றிதழ் தருவார்கள்.

"திருந்தியன்னு போட்டா, நான் தப்பு பண்ணேன்னுதானே சார் அர்த்தம்?"

"ரொம்ப பாஸிட்டிவான வார்த்தை மேடம் அது."

மறுநாள் பெரும்பாக்கத்தில், அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட அடுக்குமாடி வீட்டில், காலைச் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரத்தை அவர் மனைவி வேலம்மா பார்த்தாள். என்ன என்று கேட்டாள். கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நீ ஒடச்ச. நீ கூட்டல. அத்தச் சொல்றதுக்கு இன்னாயா, வாயில கொழுக்கட்டையா வெச்சினுகீற?"

"வேல பூடும்டி."

"அந்தப் பொண்ணுக்குப் பூடுச்சே, அது இன்னா கத்திரிக்கா வியாபாரமா?"

பஞ்சாட்சரம் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வகுப்பு ஹாலில் நடந்தது. கார் ஏது? புதுக் கார் அழுக்காகிவிடும் என்று உறை போட்டு மூடியிருந்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள், அதுதான் ஸ்டீயரிங். பேங்க் மேனேஜர்களும் ஓய்வுபெற்ற இன்ஜினியர்களும் தட்டைத் திருப்பிக்கொண்டு, "பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்" என்று பஜனை மாதிரி முழங்கினார்கள். உம்மே ஹானி ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையை நல்லா நீட்டி சிக்னல் காட்டணும் மேடம்."

"கட்டு போட்டிருக்கு சார், நீட்ட வராது."

"ரோட்டுல சாக்கு சொல்ல முடியாது இல்லையா? ட்ரை பண்ணுங்க."

அவள் நீட்டினாள். வலியில் தட்டு கீழே விழுந்து உருண்டது. "பாருங்க, கட்டுப்பாடு போச்சு" என்று சித்தார்த்தன் மற்றவர்களுக்கு விளக்கினார். பஞ்சாட்சரம் ஓடிப்போய்த் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

வகுப்பின் நிறைவு நாளுக்குப் பேரவை ஒரு புதுமை யோசித்தது. பூசணிக்காய்த் தவிர்ப்புச் செயல்விளக்கம். அதே வளைவில், அதே இடத்தில் ஒரு பூசணிக்காயை உடைப்பது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தட்டைப் பிடித்தபடி அதைச் சுற்றிப் பத்திரமாக நடந்து போவது. எப்படி விழுவது என்பதற்கு உதாரணமாக உம்மே ஹானி ஓரத்தில் நிற்பது. அவளுக்கு ஒரு அட்டைகூடத் தயாராக இருந்தது: 'நான் கவனிக்கவில்லை'. அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் சான்றிதழ். அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். என்ன செய்வாள்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

"பஞ்சாட்சரம், பூசணிக்காய்!"

பஞ்சாட்சரம் வளைவுக்குப் போனார். தலைக்கு மேல் தூக்கினார். தூக்கினவர் தூக்கியபடியே நின்றார். தெருவில் போன ஆட்டோக்காரன், "யோவ் பெருசு, ஒடைக்கிறதுன்னா ஒட, இல்ல நகரு!" என்று கத்திவிட்டுப் போனான். அவருக்கு எதிரே அட்டையும் கட்டுமாக நின்றவளைப் பார்த்தார். மெல்லப் பூசணிக்காயை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா ஒடச்சேன். அன்னிக்கும் நான்தான். கூட்டணும்னு தெரியும். கூட்டாம உள்ள போய் கேசரி துன்னுக்கினு இருந்தேன். ஆட்டோல நீ கேட்டப்ப, தெர்லன்னு பொய் சொல்லிட்டேன்."

"பிரமாதம்!" என்று வேம்பு சார் கைதட்டினார். "ஸ்கிரிப்ட்ல இல்லையே இது?"

"எமோஷன் செம, பஞ்சாட்சரம்! வீடியோ எடுத்தாச்சு" என்றார் சித்தார்த்தன்.

"டிராமா இல்ல சார்! நெஜம். நீங்க சொன்னீங்க, நான் ஒடச்சேன்."

'நீங்க சொன்னீங்க' என்ற இடத்தில் கைதட்டல் நின்றது. வேம்பு சார் நிதானமாகத் தலையை நிமிர்த்திப் பேனரைப் பார்த்தார். "ஏம்ப்பா, அவ்வளவு பெருசா எழுதி, என் போட்டோவும் போட்டு வெச்சிருக்கோம். அதுக்குக் கீழேயே நின்னுண்டு ரோட்டுல உடைச்சியா? படிக்கத் தெரியாதா நோக்கு? பேரவையோட கொள்கைக்கே விரோதமா நடந்துண்டிருக்கே. நாளைலேர்ந்து வராதே."

பஞ்சாட்சரம் நேராக சித்தார்த்தனிடம் போய், "இந்தாங்க சார், டைல்ஸ் மேல பத்திரமா வெச்சிக்கங்க" என்று பூசணிக்காயை அவர் கையில் கொடுத்தார். கொடுத்ததும் உடம்பு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. உம்மே ஹானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காகத் தொழுகைல எல்லாம் துவா கேட்டேன்."

"தப்புதாம்மா. மன்னிச்சிக்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு மூஞ்சி இல்ல."

"உங்க மன்னிப்ப வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" கையிலிருந்த அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "கடைக்கு வாங்க. இத்த அங்க வந்து சொல்லுங்க."

தி. நகரில் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. இருவரும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். கயலின் கடை பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட கடை. கல்லாவில் இருந்த கயல், கட்டோடு வந்தவளையும் பின்னால் வந்த காக்கிச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேரவையில சொல்லிட்டாங்களா? இவர் யாரு?"

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் பஞ்சாட்சரம். "நான் அங்க டிரைவரா இருந்தேன். இப்பதான் வேல போச்சு. பூசணிக்காய ஒடச்சது நான். இந்தப் பொண்ணு எப்படி வண்டி ஓட்டிச்சின்னு நான் பாக்கல, உள்ள துன்னுக்கினு இருந்தேன். ஆனா வளைவுல அப்படிப் போட்டு வெச்சா யாரு வந்திருந்தாலும் வுழுந்துதான் இருப்பாங்க. தப்பு என்னுது. இந்தப் பொண்ணு பொழப்ப கெடுத்துடாதம்மா."

கயலுக்கு முகம் சிவந்தது. "ஏன்யா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஒடச்சா கூட்ட வேணாம்? ரோட்டுல நாலு பேர் வருவாங்க போவாங்கன்னு நெனப்பு இருக்க வேணாம்? சாமி கும்பிட்டா ஆச்சா? கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டு, அவ கை, எல்லாம் போச்சே! பூஜை முடிஞ்சதும் அப்படியே வாசல்ல போட்டுட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக வாசலைப் பார்த்தாள். வாசலை ஒட்டித்தான் பஸ் திரும்பும்; பைக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு அலமாரியிலிருந்து ஒரு மூட்டை ஜாக்கெட் துணியை எடுத்து, உம்மே ஹானி பக்கம் தள்ளினாள். அவள் இடது கையால் அதை அணைத்துக்கொண்டாள்.

கயல் உள்பக்கம் திரும்பி, துணி மடித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

"ஏ, ஆயுத பூஜை அன்னிக்கு நம்ம வாசல்ல ஒடச்சோமே... அத யாருடி கூட்டுனது?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாராவது விழுந்தாங்களா?" என்றாள் கயல். குரல் கீழே போயிருந்தது.

"தெரியலக்கா" என்றாள் ஒருத்தி. "பூஜை முடிஞ்சதும் பொரி வாங்கிக்கிட்டு, கடைய சாத்திட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோமே."